அவள் யோசிக்கிறாள் என்று காட்டிய விளக்கு

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் குதிரைக்காரனை இரண்டு கட்டம் தள்ளி, என் மகளின் வைத்தியக்காரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ‘முடிந்தது’ என்ற பொத்தானைத் தொட்டேன். கைப்பேசித் திரையின் மேல் மூலையில் சின்னக் கூடாரம் ஒன்று தோன்றி, அதற்குள் ஒரு விளக்கு எரியத் தொடங்கியது. அது எரிந்தால் எதிராளி தன் கூடாரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறார் என்று பொருள். எல்லாம் கெடத் தொடங்கிய நேரமும் அதுதான். அப்போது எனக்குத் தெரியாது. நல்ல அடி அடித்துவிட்டோம் என்ற மிதப்பில் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கூடாரத்தையும் விளக்கையும் வரைந்தவள் என் மகள். வானகரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்பு வந்த பழைய கணினி விளையாட்டுகளை இந்தக் காலத்து ஆட்களுக்கு ஏற்றபடி மறுபடியும் செய்துகொடுப்பது அவர்கள் தொழில். போர்க்கள விளையாட்டுகள். சதுரங்கம் போலக் கட்டம் போட்ட நிலம், அதில் நம் படை, எதிரிப் படை. நாம் ஒருமுறை நகர்த்தினால் அவர்கள் ஒருமுறை. அவசரமே கிடையாது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு முகம், ஒரு கதை.

அவர்கள் இப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கும் விளையாட்டு எனக்குப் பழக்கமானது. பாலிடெக்னிக் முடித்த கையோடு பாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு மிஷினில் அது இருந்தது. திரையில் வரும் எழுத்து என்ன மொழி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கத்தி வைத்திருப்பவன் கத்திக்காரன், குதிரையில் இருப்பவன் குதிரைக்காரன், வெள்ளை முக்காடு போட்டுக் கோலைத் தூக்கி மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவள் வைத்தியக்காரி. பேர் வைத்ததெல்லாம் நாங்கள்தான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். மத்தியான வகுப்புக்கு ஆள் வராத நேரத்தில் நானும் இன்னொரு டீச்சரும் ஆடுவோம். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் பையன்கள் ‘அங்க வைங்கக்கா, இங்க வைங்கக்கா’ என்று கத்திக் காரியத்தைக் கெடுத்ததால் ஒரு சட்டம் போட்டோம். ஒருவர் யோசிக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கல்யாணமாகிக் கொரட்டூர் வந்தபோது அந்த விளையாட்டும் ஒரு ஃப்ளாப்பி வட்டில் என்னோடு வந்தது. சட்டமும் வந்தது. மகள் பத்தாவது படிக்கும்போது எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. எதைச் சொன்னாலும் சண்டை. ஆனால் சாயங்காலம் பழைய கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்காருவோம். அவள் யோசிக்கும்போது நான் பேச மாட்டேன், நான் யோசிக்கும்போது அவள் பேச மாட்டாள். அந்த வருஷம் எங்களைக் காப்பாற்றியது அந்த வாய்மூடல்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதனால்தான் அந்தப் பழைய விளையாட்டு அவர்கள் அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் எனக்குத்தான் போன் பண்ணினாள். அதற்குப் பிறகு வாரம் ஒரு கேள்வியாவது வரும். வைத்தியக்காரி செத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், மறுபடி முதலிலிருந்து ஆடுவீர்களா, அப்படியே விட்டுவிட்டு ஆடுவீர்களா என்று.

“செத்தவ செத்தவதான்டி. அவ இல்லாம மிச்சத்தை ஆடணும். அதுதான் ஆட்டம்.”

“இப்ப யாரும் அப்படி ஆட மாட்டாங்கம்மா. ஒரு தப்புக்கு ஒரு ஆளு போயிட்டா கேமையே தூக்கிப் போட்டுடறாங்க. அதனால பின்னாடி போற பட்டன் ஒண்ணு வச்சிருக்கோம்.”

“பின்னாடி போயி?”

“போயி, அவளை வேற எடத்துல நிறுத்திக்கலாம். சாக மாட்டா.”

“அப்ப அது ஆட்டமே இல்ல.”

“உன்னை மாதிரி ஆளுங்களுக்காகச் செஞ்சா எங்க கம்பெனிய மூடிட்டுப் போகணும்மா” என்று சிரித்தாள். அந்தப் பொத்தானைப் பற்றி இப்போது என்னிடம் யாராவது கருத்துக் கேட்டால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

விளக்கு வந்தது எப்படி என்றால், பழைய விளையாட்டில் எதிராளி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் நகத்தைக் கடிப்பதும் பெருமூச்சு விடுவதும் நமக்குத் தெரியும். புதியதில் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு ஊர். எதிராளி யோசிக்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று தெரியாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை கிடையாது. அதற்காகத்தான் அவள் கூடாரத்தையும் விளக்கையும் வரைந்தாள். சுடர் ஆடும். அவ்வப்போது ஒரு நிழல் கூடாரத்துணியில் குறுக்கே போகும். எதிராளி கைப்பேசியை மூடி வைத்தால் விளக்கு அணைந்துவிடும்.

வெளியிடுவதற்கு முன் ஆடிப் பார்க்கச் சொல்லி எனக்கும் அனுப்பியிருந்தாள். மாதக்கணக்காக ஆடினோம். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் மதிய இடைவேளையில் ஆடுவேன், அவள் எப்போது முடிகிறதோ அப்போது. சட்டம் பழையதுதான். விளக்கு எரியும்போது போன் பண்ணக் கூடாது. அணைந்தால் பண்ணலாம். ஒருமுறை அணைந்ததும் கூப்பிட்டேன்.

“என்னடி, விளக்கு போயிடுச்சு?”

“பாத்ரூம் போகக்கூட உன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமாம்மா?”

அப்படித்தான் அந்த விளக்கை நான் நம்பக் கற்றுக்கொண்டேன். அது ஒருநாளும் என்னிடம் பொய் சொன்னதில்லை.

அவள் வானகரத்தில் ஒரு வீட்டின் மாடியில், கூட வேலை செய்யும் பெண்ணோடு தங்கியிருந்தாள். கொரட்டூரிலிருந்து போய்வர முடியாத தூரமில்லை. ஆனால் வேலை முடியும் நேரம் அப்படி. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்றாள். கூட இருந்த பெண் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்துவிடு என்றேன். வெளிநாட்டுக்கு வேலையை அனுப்ப வேண்டிய வாரம், மாடியிலேயே படுத்துக்கொண்டு செய்கிறேன் என்றாள். வியாழக்கிழமை ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். கண் சிவந்திருந்தது, உடம்பு கொதித்தது. ரத்தம் டெஸ்ட் பண்ணினாயா என்றால் பண்றேம்மா, பண்றேம்மா என்ற பதில்தான். அந்தக் காய்ச்சலிலும் என் கைப்பேசியை வாங்கிப் புது வெர்ஷனைப் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை எனக்கு வந்த செய்தி இது. “காய்ச்சல் விட்டுடுச்சும்மா. டயர்டா இருக்கு, அவ்ளோதான். நீ ஆடு. ரெண்டு நாளா உன் டர்ன்தான்.”

காய்ச்சல் விட்டது என்று படித்ததும் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டேன். பிறகு உட்கார்ந்து ஆர அமர யோசித்துக் குதிரைக்காரனை நகர்த்தினேன். அவள் வைத்தியக்காரியைத் தனியாக விட்டிருந்தாள். காய்ச்சலில் செய்த தவறு என்று நினைத்தேன். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

விளக்கு எரிந்தது. முருங்கைக்காய் நறுக்கினேன். குழம்பு வைத்தேன். துவைத்த துணியை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தேன். சுடர் ஆடிக்கொண்டிருந்தது, நிழல் ஒன்று இடமிருந்து வலமாகப் போனது. மாட்டிக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு சிரிப்பு. என்னிடம் தோற்கப்போகிறவள் எப்போதும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வாள். சாப்பிட்டேன். உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்க நடுவில் ஒருமுறை அவள் எண்ணை எடுத்தேன். விளக்கைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

என் கணவருக்குப் பாடியில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலை. அன்று முதல் ஷிப்ட். மூன்று மணிக்கு மேல் வந்தார்.

“பாப்பா பேசுச்சா?”

“காய்ச்சல் விட்டுடுச்சாம். இப்ப ஆடிட்டிருக்கா.”

“ஆடிகினுகீதா, யோசிச்சுகினுகீதா?”

“யோசிக்கறா.”

“எப்போலேர்ந்து?”

“காலைலேர்ந்து.”

சட்டையைக் கழற்றப் போனவர் பாதியில் நின்றார். “இன்னாமே சொல்ற? உன் ஆட்டத்துக்கு அது அஞ்சு நிமிசம் யோசிச்சாலே ஜாஸ்தி.”

“விளக்கு எரியுது பாருங்க. அவ உக்காந்திருக்கா.”

கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நம்ம தெருவுலகூடத்தான் பட்டப்பகல்ல லைட்டு எரியுது. அதுக்கடியில ஆளா உக்காந்துகீது?”

அவருடைய கைப்பேசியிலிருந்து கூப்பிட்டார். முழுதாக மணி அடித்து நின்றது. மறுபடியும் அடித்து நின்றது. கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார். அதுவரை எனக்குப் பயம் வரவில்லை என்பதைத்தான் இன்றும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் செருப்பைத் தேடியதைப் பார்த்த பிறகுதான் வீட்டுச் சாவியை எடுக்க ஓடினேன்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. “வானகரம் போணும் நைனா. அவசரம்.”

“பாடி பக்கம் போனா மாட்டிக்குவோம் அண்ணாத்தே. அம்பத்தூர் எஸ்டேட் உள்ள பூந்து பைபாஸ் ஏறிடறேன், குந்துங்க.”

வழியெல்லாம் நான் திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னாக்கா, கேமா? எங்க ஊட்லயும் ஒண்ணு கீது. சோறு கூட வாணாம் அதுக்கு.”

“ரோட்ட பாத்து ஓட்டுப்பா” என்றார் என் கணவர். டிரைவர் வேகத்தைக் கூட்டினார். பைபாஸில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் நுழைந்து போன விதத்தை வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன்.

வீட்டுக்கார அம்மா கீழே வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா, ரெண்டு பேரும் சேந்து வந்துகீறீங்க?”

“பொண்ணு போன் எடுக்கல.”

“மேலதான் கீது. வேலை செய்யிதுன்னு நெனச்சேன். கதவ சாத்திகினா தட்டாதீங்க ஆயான்னு அதுவே சொல்லிகீது.”

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. என் கணவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், தட்டினார், பிறகு தோளால் இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. மகள் குளியலறை வாசற்படியில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் டைல்ஸில் ஒட்டியிருந்தது. வாந்தி எடுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். இரண்டு நாள் முன்பு கொதித்த நெற்றி, சில்லென்று ஈரமாக இருந்தது. விரல்கள் இன்னும் சில்லென்று இருந்தன. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டதற்கு உதடு மட்டும் அசைந்தது.

டிரைவர் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். “கால நான் புடிக்கிறேன், தல பக்கம் நீங்க புடிங்க அண்ணாத்தே” என்றார்.

அவர்கள் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, ஆஸ்பத்திரியில் தேவைப்படும் என்று மேஜைமேல் இருந்த அவள் கைப்பேசியை எடுத்தேன். திரையில் அப்பாவின் அழைப்புகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, திறக்கப்படாமல், ஒரே ஒரு வரி. “எதிராளி ஆடிவிட்டார். இப்போது உங்கள் முறை.” அவள் அதைத் தொடவே இல்லை. என் கைப்பேசியில் அவளுடைய கூடாரத்தில் விளக்கு இன்னும் எரிந்தது. நிழல் குறுக்கே போனது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். கொஞ்ச நேரத்தில் மகளை ஐசியூவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு இளம் பெண் டாக்டர் வெளியே வந்தார்.

“டெங்குங்க. பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. காய்ச்சல் எப்ப விட்டுச்சு?”

“இன்னைக்குக் காலைல. விட்டுடுச்சேன்னு…”

“எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. இதுல காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே ஆரம்பிக்கும். எத்தனை மணிலேர்ந்து விழுந்து கெடந்தாங்க?”

“தெரியாதுங்க” என்றார் என் கணவர்.

“பத்தேகால்” என்றேன் நான். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் ஆட்டம் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரு கேலி வார்த்தையாவது அனுப்பாமல் இருந்ததே இல்லை. அன்று எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார் டாக்டர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. “இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணும். தாண்டிட்டாங்கன்னா நானே வந்து சொல்றேன்.”

ஐசியூ கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் வேண்டும் என்றார்கள். கல்லீரல் பாதித்திருக்கிறது என்றார்கள். என் கணவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார். ஏன் போன் பண்ணவில்லை என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். கேன்டீனிலிருந்து டீ வாங்கிவந்து, “குடிமே. நீயும் வுழுந்தா நான் யாரைப் பாக்கறது?” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் அவளுடைய டீம் லீடர் வந்தார். தாடி வைத்த இளைஞர். ரத்தம் கொடுக்க ஆபீஸிலிருந்து நான்கு பேரை அழைத்து வந்திருந்தார். அவர்களை ரத்த வங்கிக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் என் கைப்பேசியைத் திறந்து அவரிடம் நீட்டினேன். பேட்டரி தீரத் தீரச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று தெரியாது. அணைந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

“இது எப்படிப்பா இன்னும் எரியுது? அவ போனை நான் ஆஃப் பண்ணிட்டேனே.”

அவர் பார்த்தார். முகம் மாறியது. “உங்ககிட்ட புது வெர்ஷனா இருக்கு, ஆன்ட்டி?”

“வியாழக்கிழமை அவதான் போட்டுக் கொடுத்தா.”

“அதுல மாத்திட்டோம்.” கைப்பேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “முன்னாடி எதிர்ல இருக்கறவங்க போனை மூடினா விளக்கு அணையும். ஆனா டெஸ்ட் பண்ணினவங்க விளக்கு அணைஞ்சதும் ஆள் போயிட்டாங்கன்னு கேமை மூடிட்டுப் போயிடறாங்க. காத்திருக்க மாட்டேங்கறாங்க. அதனால அவங்க திரும்ப ஆடற வரைக்கும் எரியற மாதிரி விட்டுட்டோம். இது வெறும் படம்தான், ஆன்ட்டி. அந்தப் பக்கம் யாரும் இருக்கணும்னு இல்ல.”

“அந்த நிழல்?”

“அதுவும்தான்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “அவ ஒத்துக்கவே இல்ல. ஆளில்லாத கூடாரத்துல எதுக்கு விளக்குன்னு சண்டை போட்டா. நாங்கதான் கேக்கல. உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன்.”

காய்ச்சலில் மறந்திருப்பாள். அல்லது அன்று நான் ரசத்தைப் பற்றியும் ரத்த டெஸ்டைப் பற்றியும் பேசியதில் சொல்ல இடம் கிடைத்திருக்காது. அவரைத் திட்ட மனம் வரவில்லை. பாவம், அவருக்கும் என் மகள் வயதுதான். கைப்பேசியை வாங்கி அணைத்துப் பைக்குள் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வரை அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் எழுந்து நின்றோம். வேறு யார் யாரையோ கூப்பிட்டார்கள். எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்பத்தூர்க்காரக் குடும்பம் ஒன்று திங்கட்கிழமை சாயங்காலம் அழுதுகொண்டே எழுந்து போனது. அவர்கள் பையனுக்கும் இதே காய்ச்சல். அவர்கள் போன பிறகு அந்த நாற்காலிகளைப் பார்க்காமல் இருக்க நான் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

செவ்வாய் மதியம் அந்தப் பெண் டாக்டர் சொன்னபடி அவரே வந்தார். தாண்டிவிட்டாள், வார்டுக்கு மாற்றுகிறோம், கல்லீரல் சரியாக மாதங்கள் ஆகலாம், எழுந்து நடக்கவே நாளாகும், முழுதாகத் தேறுவாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

சக்கரக் கட்டிலில் அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி, உதடு வெடித்து, வேறு யாரோ போல இருந்தாள். இரண்டு கையிலும் ஊசி குத்திய நீலத் திட்டுகள். அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைத் தேடினாள். நான் குனிந்தேன். தண்ணீர் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எழுந்திருக்க முடியலம்மா” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். “ஆனா நெனவு இருந்துச்சு. ரொம்ப நேரம் இருந்துச்சு. நீ எப்படியும் போன் பண்ணுவ, நான் எடுக்கலன்னா கெளம்பி வந்துடுவன்னு… ரிங் வருதா, ரிங் வருதான்னு கேட்டுட்டே கெடந்தேம்மா.”